மோதிரமா, பட்டையா

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவளுக்குப் பதினாறு வருட அனுபவம். மோட்டார் அறையில் கண்ணை மூடி நின்றாலே போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். தன் நெஞ்சில் கேட்ட சத்தம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு மாதமாகக் காரணமில்லாமல் படபடவென்று அடித்துக்கொண்டது.

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

"இங்க வந்தா அடங்கிடுது. வேலையிலயும் தூக்கத்துலயும் எப்படித் துடிக்குதுன்னு ஒரு மாசம் அளந்து கொண்டு வாங்க. அதுவரைக்கும் லிஃப்ட் ஓடற ஷாஃப்டுக்குள்ள தனியா இறங்க வேண்டாம்."

அவள் கணவர் கணக்கு வாத்தியார். மூன்று நாள் உட்கார்ந்து படித்துவிட்டு, துடிப்பை அளக்கும் ஸ்மார்ட் மோதிரம்தான் என்று முடிவுகட்டினார்.

"கல்யாண மோதிரத்தையே வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குக் கழட்டி வச்சவ நீ. இப்ப டாக்டரே மோதிரம் போடச் சொல்லிட்டார்."

"டாக்டர் அளக்கத்தான் சொன்னார். மோதிரம் நீங்களா சேர்த்துக்கிட்டது."

கடையில் விற்பனைப் பெண் துடிப்பை அளக்கும் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள். ஒன்று, பளபளக்கும் கறுப்பு மோதிரம். இன்னொன்று, திரையே இல்லாத துணிப்பட்டை.

அவள் மோதிரத்தை உருட்டிப் பார்த்தாள். "எங்கயாவது மாட்டிக்கிட்டா இது உடையுமா?"

"உடையவே உடையாது மேடம். டைட்டானியம்."

"அப்ப வேண்டாம்."

விற்பனைப் பெண் விழித்தாள். கணவர், "ரெண்டுலயும் திரை கிடையாது, ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுது. பார்க்க லட்சணமா இருக்கறதை எடுத்தா என்ன?" என்றார்.

"எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர் ஏணியிலேர்ந்து குதிச்சார். அவர் மோதிரம் கொக்கியில மாட்டி அங்கயே நின்னுடுச்சு. விரலும் அதோடதான் நின்னுச்சு."

கணவர் மோதிரத்தைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"பட்டையும் மணிக்கட்டுல வேண்டாம்மா. முழங்கைக்கு மேல கட்டற மாதிரி இருக்கா?" என்று அவள் விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

இருந்தது. சட்டைக் கைக்குள் ஒளிந்துகொண்டது, அவளுக்கே மறந்துபோனது.

 திரும்பி வரும் வழியில், தெருமுனையில் கணவர் மெல்லச் சொன்னார்: "உன் விரல்ல ஒண்ணு போட்டுப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. அதான் மூணு நாளா மெனக்கெட்டேன்."

"அதை நேரா சொல்றதுக்கென்ன? லீவு நாள்ல பழசையே போட்டுக்கறேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து பட்டை அவள் போனில் பதிந்திருந்த வரைபடத்தை டாக்டர் பார்த்தார். அயர்ந்து தூங்கும்போதும் துடிப்பு தொண்ணூறுக்குக் கீழே இறங்கவேயில்லை. உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. மாத்திரையில் அடங்குகிற விஷயம்தான்.

"வியாழக்கிழமை மட்டும் மத்தியானம் எகிறுதே, அன்னிக்கு என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்ல டாக்டர். அன்னிக்கு எங்க மேனேஜர் மீட்டிங் போடுவார்."

"அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல," என்றார் டாக்டர்.

மூன்றாவது மாதம் டாக்டர் சரி என்றதும், அவள் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே ஷாஃப்டுக்குள் இறங்கினாள். மாலைக்குள் இரண்டு லிஃப்டுகள் ஓடத் தொடங்கியிருந்தன.