இரண்டாவது பரிந்துரை

அக்கா எழுதிய எதிலும் குழப்பம் என்று ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சும் அப்படித்தான். “தண்ணி வரலை” என்றால், “எந்தக் குழாய்ல? நீ திறந்து பார்த்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?” என்பாள். பெண் பார்க்க வந்த ஒருவன் இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் ஓடினான் என்று நான் இன்றைக்கும் அவளைச் சீண்டுவதுண்டு.

இருவருக்கும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் வேலை. அவள் மாடியில், ஆபீஸில். நான் கீழே, உறைபனி அறையில் பெட்டி அடுக்குகிறவன். அந்த அறைக்கு ஒரு சாண் கனத்தில் கதவு, தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. உண்டு என்றால் இருக்கிறது, அவ்வளவுதான். தள்ளினால் தள்ளிக்கொண்டே இருக்கலாம். அதனால் உள்ளே போகிறவன் அடுக்க வேண்டிய பெட்டிகளில் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவான். சேருகிற அன்றே சொல்லித் தருகிற முதல் பாடம் அது. எந்த நோட்டீஸிலும் கிடையாது. எங்கள் உயிரெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

தடியன் அண்ணன் அதை எடுத்துவிட்டார். ஆள் ஒல்லி, அதனால்தான் அந்தப் பெயர். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தால் அவருக்கு மனசு ஆறாது. கடைசி வரிசைக்கு ஒன்று குறையவே, கை தன்பாட்டுக்குக் கதவிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பியிருக்கிறது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவர் தட்டியது இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாப்பிட்டு வந்து கதவைத் திறந்தவன் நான். பிழைத்துக்கொண்டார், வலது கையில் இரண்டு விரல் போனது.

விசாரித்து அறிக்கை தரும்படி மேனேஜர் அக்காவிடம் சொன்னார். அதுவரை அந்த வேலையைச் செய்தவர் ஸ்டோர் கீப்பர். ‘மேற்படி நபர் மேற்படி இடத்தில் மேற்படி நிலையில்’ என்று அவர் எழுதுவதைப் படித்தால் யாருக்கு என்ன ஆனது என்றே விளங்காது. மேனேஜர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுவார். அக்காவுக்கு அது தாங்காது. “புரியாம எழுதினா எப்படிடா வேலை நடக்கும்? புரிஞ்சா செஞ்சுதானே ஆகணும்?” என்றாள். அதை மனசார நம்பினாள். அதுதான் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்துக் குடைந்து எடுத்தாள். நான் கண்ணால் பார்த்தது ஒரு தாளில், கேள்விப்பட்டது வேறொரு தாளில். ‘அநேகமாக’ என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். நோக்கம், நடந்தது, காரணம், பரிந்துரை என்று தலைப்புப் போட்டாள். ஒரு பத்திக்கு ஒரு விஷயம். நின்றபடி படிக்கிறவனுக்கும் விளங்குகிற மாதிரி முதல் பக்கத்தில் சுருக்கம்.

“அக்கா, கதவுல பெட்டி வைக்கிற விஷயம் மட்டும் வேணாமே,” என்றேன்.

“ஏன்?”

“அது எங்களுக்குள்ள இருக்கறது. மேல தெரிஞ்சா வம்பு.”

“அதை விட்டுட்டா கைப்பிடி வேலை செய்யலைங்கறதுக்கு என்னடா ஆதாரம்? ஒவ்வொருத்தரும் ஏன் பெட்டி வைக்கறாங்கன்னு சொன்னாத்தான் மாத்துவாங்க. காரணம் சொல்லாம பரிந்துரை நிக்காது.”

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பரிந்துரை இரண்டே இரண்டு. ஒன்று, கைப்பிடியை மாற்றி, உள்ளே ஒரு மணி வைக்க வேண்டும். இரண்டு, அது முடிந்தபின், கதவைத் திறந்து வைக்கப் பெட்டி எதையும் வைக்கக் கூடாது.

மீட்டிங்கில் மேனேஜர் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “ரிப்போர்ட்னா இப்படி இருக்கணும். ஒரு தடவை படிச்சேன், பளிச்சுன்னு புரிஞ்சுது” என்றாராம். அக்கா அன்றைக்கு எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள்.

அந்த வாரமே கதவில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘கதவைத் திறந்து வைக்கப் பெட்டி எதையும் வைக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.’ முதல் வாக்கியம் அப்படியே அக்காவுடையது. ‘அது முடிந்தபின்’ என்பதை மட்டும் காணோம். சூப்பர்வைசர் வந்து காலாலேயே பெட்டியைத் தள்ளினார். கைப்பிடியை யாரும் தொடவில்லை.

அக்கா மேனேஜரிடம் போனாள். போனதையும் வந்ததையும் என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

“சார், முதல்ல கைப்பிடி. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது.”

“கைப்பிடிக்கு மேலிடத்துல அனுமதி வரணும்மா. பணம் ஒதுக்கணும். பெட்டியை எடுக்கறதுக்குப் பைசா செலவில்லை. ரெண்டுல ஒண்ணு முடிச்சாச்சே, பாதி வேலை ஆன மாதிரிதானே?”

“உள்ள போறவங்க மாட்டிக்கிட்டா என்ன சார் பண்ணுவாங்க?”

“கதவு இத்தனை நாளா திறந்து கிடந்ததே எனக்கு உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் தெரியும். குளிரெல்லாம் வீணாப் போயிருக்கு. நல்லவேளை, தெளிவா எழுதினீங்க.”

கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தனுப்பினார். பரிந்துரைகள் எந்த அளவில் நிறைவேறின என்று ஒரு தொடர் அறிக்கை. தடியன் அண்ணனைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பெட்டியை எடுத்தது அவரே. உண்மைதான், அக்காவின் முதல் அறிக்கையில் மூன்றாம் பத்தியிலேயே இருக்கிறது. அந்த வரியை வைத்துத்தான் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீ பொய்யா எதுவும் எழுதலையேம்மா” என்று அவர்தான் அக்காவைத் தேற்றினார். அவள் தலை நிமிரவில்லை. அதற்குப் பதில் அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா அதே மேசையில் வெள்ளைத் தாளோடு இருந்தாள். நோக்கம் என்று எழுதினாள், அடித்தாள். “எப்படி எழுதினாலும் பெட்டி எடுத்தாச்சு, வெற்றின்னுதான்டா வருது” என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த வேலையை விட்டால் வேறு வேலை எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை லோடு வந்தது. நான் குளிருக்கான கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே வந்தால், அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்கிறாள். கையில் அந்த வெள்ளைத் தாள்.

“நீ வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்.”

“நாளைக்கு?”

மாடிப்படியிலிருந்து சூப்பர்வைசர், “மேடம், மேனேஜர் கூப்பிடறார். அந்த ரிப்போர்ட்டைக் கேக்கறார்” என்றார். அக்கா நகரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார்.

“போக்கா,” என்றேன். “இந்தத் தடவை கொஞ்சம் குழப்பமா எழுது. யாருக்கும் புரியாத மாதிரி.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையாட்டினாள். ஸ்டோர் கீப்பரிடம் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். நான் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.