ஆற்றைப் பார்த்த அறை

ஜூலை மாதத்தில் இன்வர்னஸ் நகரத்துக்கு ஏரிப் பூதத்தைப் பார்க்க வருகிறவனுக்கு அறை கிடைக்கும். இல்லாத பூதத்தைத் தேடி உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறான், பாவம், அவனுக்கு மெத்தை வேண்டாமா? ஆனால் எங்களைப் போலத் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கேட்டால் மட்டும் ஊரில் ஒரு கட்டில்கூடக் காலியாக இருக்காது.

என் அக்கா முர்டினாவுக்கு வயிற்றில் கட்டி. எங்கள் லூயிஸ் தீவு ஆஸ்பத்திரியில் அதை எடுக்க முடியாது என்று இன்வர்னஸுக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை அங்கிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்கு இருந்த யாரோ ஒருவரால் வர முடியவில்லையாம். திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் மறுநாள் ஆபரேஷன், இல்லாவிட்டால் அக்டோபர்தான் என்றார்கள். அக்கா சரி என்றாள். போனை வைத்துவிட்டு, கணவரையும் என்னையும் எதிரில் உட்காரவைத்து நிபந்தனை போட்டாள்.

"இவருக்கு ஒரு படுக்கை கெடைச்சாத்தான் நான் கத்திக்குக் கீழ படுப்பேன். ஆஸ்பத்திரிக்கு நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். நான் கண்ணு முழிக்கிறப்போ இவரு மூஞ்சி தெரியணும். முதுகு வலியோட எங்கயாவது நாற்காலில சுருண்டு கெடந்தாருன்னு தெரிஞ்சுது, நான் எழுந்து அடுத்த கப்பல்ல திரும்பி வந்துடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அக்டோபர் வரைக்கும் அந்தக் கட்டி காத்திருக்குமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அத்தான் ஃபின்லே பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த பஸ்தான் அவர் முதுகைத் தின்றது. சபையில் மூப்பர். இன்டர்நெட் என்பது மற்றவர்கள் செய்கிற பாவம் என்பது அவருடைய எண்ணம். ஆகவே அறை பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கிளாஸ்கோவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு கணவனையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியவள் நான். பாவங்கள் எனக்குப் பழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஹோட்டல் பக்கங்களைத் திறந்தால் வயிறு எரியும். 'இந்த அறையை இப்போது பத்தொன்பது பேர் பார்க்கிறார்கள்' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறான். சாவு வீட்டில்கூட அவ்வளவு கூட்டம் வராது. 'அசல் ஹைலண்ட் வீடு' என்று ஒன்று, எங்கள் மலைநாட்டுப் பாணியாம். சுவரில் மான் தலை, திரைச்சீலையில் கட்டம், கம்பளத்தில் கட்டம், குப்பைக்கூடையிலும் அதே கட்டம். ஹைலண்டில் பிறந்த எவளும் அப்படி ஒரு வீட்டில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. 'நடந்து போகும் தூரம்' என்று போட்டிருந்த ஒன்றை வரைபடத்தில் தேடினேன். அது விமான நிலையத்துக்கும் அப்பால், ஆட்டு மந்தைகளுக்கு நடுவில் இருந்தது. யார் நடந்து போகும் தூரமோ! காலை உணவு உண்டு என்றால், கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் வாழைப்பழம் தொங்கும் என்று அர்த்தம்.

ஒரு ஹோட்டலுக்கு போன் செய்தேன். பேசிய பெண்ணின் குரலில் சர்க்கரைப் பாகு வழிந்தது.

"குறைஞ்சது மூணு ராத்திரி எடுக்கணும் மேடம்."

"எனக்கு ரெண்டு போதும்மா. ஆபரேஷன்."

"ஐயோ, பாவம்! அப்போ மூணு எடுத்துக்கலாமே?"

விலையைக் கேட்டு அத்தானிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு ராத்திரிக்கா? காலைல கட்டிலை வீட்டுக்குத் தூக்கிட்டு வரலாமா?"

இன்வர்னஸில் என் பழைய சிநேகிதி இனா இருக்கிறாள். அவள் வீட்டு சோபாவில் நான் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதை அத்தானுக்கு விட்டுக்கொடுக்கிறேன், நான் தரையில் படுக்கிறேன் என்றேன்.

"புருஷன் இல்லாத பொம்பள வீட்டுலயா? நான் மூப்பர், டொலினா."

"அத்தான், இனாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. முட்டி ரெண்டும் இரும்பு."

"இரும்பு முட்டின்னாலும் பொம்பள பொம்பளதானே."

இந்த மனிதரிடம் நான் என்ன பேசுவது? இனாவிடம் இதைச் சொன்னபோது, இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை என்று சிரித்தாள்.

ஆஸ்பத்திரியே உறவினர்களுக்கு வைத்திருக்கும் அறைகளும் நிரம்பிவிட்டன. சனிக்கிழமை சாயந்தரம் கடைசியாகத் திருமதி சிஸம் என்பவளின் விடுதியைப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு உண்மையாகவே நடந்து போகலாம். 'ஆற்றைப் பார்த்த அறை' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. ஒரு ஜெர்மன்காரத் தம்பதி வரலாம், வராமலும் போகலாம், நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். நாளைக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எந்த வேலையும் கூடாது, கொடியில் ஒரு கைக்குட்டைகூட ஆடாது. உருளைக்கிழங்கை முந்தின நாளே தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் மூவரும் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் பைக்குள் போன் அடித்தது. நாய் ஒன்று சபைக்குள் புகுந்துவிட்டதைப் போல அத்தான் அந்தப் பையைப் பார்த்தார்.

"அது அடிச்சு ஓயட்டும்."

"அறைக்காரி அத்தான். இப்பவே பதில் சொல்லலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவா."

"நாளைக்குச் சொல்லு. அறை எங்கயும் ஓடிப் போகாது."

"ஓடாது. நாளைக்கு அதுல பூதம் பாக்க வந்தவன் படுத்திருப்பான்."

"ஓய்வுநாள்ல வாங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல. வேணுங்கறதை ஆண்டவர் குடுப்பார்."

"ஆண்டவர்கிட்ட கிரெடிட் கார்டு இருக்கா? அந்தம்மா நம்பர் கேப்பா."

அவர் சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதும். பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், அடுப்பெரிக்கக் கரிமண் கட்டிகளை அடுக்கி வைத்திருந்த குவியலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, திருமதி சிஸத்தை போனில் திரும்பக் கூப்பிட்டு, திருடியைப் போலக் கிசுகிசுத்த குரலில் என் கார்டு நம்பரைச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. அசையட்டும். இரண்டு ராத்திரிக்கு அறை கிடைத்தது.

மறுநாள் காலை, அத்தானின் பழைய காரோடு ஏறிய கப்பலில் அக்காவிடம், "அறை கெடைச்சுடுச்சு. ஆறு தெரியுமாம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். வியாழக்கிழமையிலிருந்து அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"எப்போ கெடைச்சுது?" என்றார் அத்தான்.

"டீ வரிசை நீளமாயிட்டே போகுது, நான் போய் நிக்கறேன்" என்று எழுந்துவிட்டேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு விடுதிக்குப் போனோம். வாசலில் தங்க எழுத்தில் பலகை. அதிலும் 'ஆற்றைப் பார்த்த அறைகள்'. திருமதி சிஸம் கழுத்தில் முத்து மாலையும் கையில் ஒரு சின்ன நாயுமாக வந்தாள். வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

"வாங்க வாங்க! நல்லவேளை, உங்க மச்சினி நேத்து மத்தியானமே சரின்னுட்டாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்!"

அத்தான் கீழே வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

"நேத்தா?"

"நேத்துத்தான்" என்றேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

அவர் தொப்பியைத் தொட்டு அந்த அம்மாவுக்கு மரியாதை செய்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க போறீங்க?"

"கார்ல படுத்துக்கறேன்."

"உங்க முதுகுக்கு அது ஆகுமா? பாவம் பண்ணது நான். நரகத்துக்கு நான் போறேன், நீங்க மெத்தைல படுங்களேன்!"

"தெரிஞ்சப்புறம் படுக்க முடியாது, டொலினா."

"ஆமா, உங்க மனசாட்சிக்கு மட்டும் பஞ்சு மெத்தை வேணும். அக்காவைப் பத்தி யோசிச்சீங்களா?"

அதற்கு அவர் நின்றார். ஆனால் திரும்பவில்லை. காசு திருப்பித் தரப்படாது என்று திருமதி சிஸம் சாவியை என் கையில் திணித்தாள். ஊரே அடித்துக்கொள்ளும் ஒரு படுக்கை அன்று ராத்திரி சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில், கொட்டுகிற மழையில், ஒரு மூப்பர் பழைய கார் இருக்கையில் மடங்கிக் கிடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இனாவின் சோபாவில் நானும் தூங்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னபோது அத்தானால் அவர் பக்கம் கழுத்தைத் திருப்பக்கூட முடியவில்லை, உடம்போடு திரும்பினார். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் சவரம் செய்து, சட்டையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டு, நேராக நிற்க முயன்றபடி கட்டிலருகில் நின்றார்.

சாயந்தரம் அக்கா கண் விழித்தாள். அவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"படுக்கை எப்படி இருந்துச்சு?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். தன் பழைய காரை விற்கப்போய், வாங்க வந்தவனிடம் அதன் குறைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்து அவனை ஓட வைத்த மனிதர் இவர். இப்போது உண்மையைச் சொல்லப்போகிறார், அக்கா தையலோடு எழுந்து உட்காரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சு, முர்டினா. மெத்து மெத்துன்னு. ஜன்னல்ல ஆறு தெரியுது."

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"ஆறா?" அக்காவின் உதடு லேசாக விரிந்தது. "மீன் பிடிக்கறவங்க தண்ணிக்குள்ள நிக்கறாங்களா?"

"அது... நல்லா பாக்கலை."

"இன்னிக்குப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லி, நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை போனைத் தொட்டா பாவம். செவ்வாய்க்கிழமை வாய் நெறையப் பொய் சொன்னா பரவாயில்லையா? உங்க சபைல இதுக்கு ஏதாவது சலுகை உண்டா அத்தான்?"

அவர் முதுகைப் பிடித்தபடி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அவர் கையை நீட்டினார்.

"சாவி இருக்கா?"

"எதுக்கு?"

"அவகிட்ட சொன்னதை அப்படியே பொய்யா விட்டுட முடியாது."

விடுதியின் உச்சி மாடியில் அறை. நான் சொன்ன அதே கட்டம் போட்ட கம்பளம், அதே மான் தலை. அத்தான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நேராகப் படுத்தார். கூரையைப் பார்த்தபடி, "மெத்து மெத்துன்னுதான் இருக்கு" என்றார். ஒன்று தீர்ந்தது. எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். எதிரில் ஒரு செங்கல் சுவர், கீழே வரிசையாகக் குப்பைத் தொட்டிகள், ஒரு சமையலறையின் புகைக்குழாய். ஆற்றை மட்டும் காணோம்.

திருமதி சிஸத்தைக் கூப்பிட்டேன். நாயோடு மாடியேறி வந்தாள்.

"ஆறு எங்கம்மா?"

"அந்தப் பக்கம்தான் இருக்கு."

"எந்தப் பக்கம்னு கேக்கலை. தெரியலையேன்னு கேக்கறேன்."

"அறை ஆத்தைப் பாத்துதாம்மா இருக்கு. நடுவுல அவங்க வீடு கட்டிக்கிட்டா நான் என்ன பண்றது? இதுவரைக்கும் வந்தவங்க யாரும் கேட்டதில்ல" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருக்க மாட்டார்கள். பூதத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் ஆற்றையும் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அத்தான் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போனார். கழிப்பறைக் கோப்பைக்கு மேலே, உயரத்தில், ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு இருந்தது. கோப்பையின் மூடியைச் சாத்திவிட்டு, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஏற ஆரம்பித்தார்.

"அத்தான், பைத்தியமா உங்களுக்கு? விழுந்தா அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்ல உங்களையும் போடணும்!"

"கோட்டைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் தள்ளித் திறந்து தலையை வெளியே விட்டார். ஜூலை மாத வெயில் இன்னும் அடங்காமல் கூரைகள்மேல் கிடந்தது.

"என்ன தெரியுது?"

"புகைபோக்கி." கொஞ்சம் எம்பினார். மூடி கிறீச்சிட்டது. "இன்னொரு புகைபோக்கி."

"சரி, எறங்குங்க. அவ மயக்கத்துல கேட்டது. காலைல மறந்திருப்பா."

"முர்டினாவா?"

அவர் இடது காலைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்து, முனகியபடி இன்னும் ஒரு சாண் ஏறினார். அவருடைய முழு பாரமும் என் கைக்கு வந்தது.

"தெரியுது" என்றார்.

"எவ்வளவு?"

"ரெண்டு வெரல் அகலம். தண்ணி ஓடுது."

"போதும் அத்தான். இப்போ சொன்னது பொய்யில்ல. எறங்குங்க."

"இரு. மீன் பிடிக்கறவன் நிக்கறானான்னு பாத்துடறேன். காலைல அவ கேப்பா."

நான் அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.