காது நட்டு வைத்த சீட் பைப்

1

இந்தக் கதை ஒரு சைக்கிள் கடையில் என் காதில் விழுந்த கேள்வியிலிருந்து வந்தது. "பாய், பைப்பு இன்னும் ரெண்டு இஞ்ச் ஏறுமா?" கேட்டவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. கூச்சம். அதனால் ஆளை நானே செய்ய வேண்டியதாயிற்று.

(முதலில் "கடல் அன்று" என்று தொடங்கினேன். கடலுக்கு இதில் வேலையில்லை.)

2

பெயர் லூர்து. நாற்பத்தொரு வயது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூரில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குச் சைக்கிளில் போகிறவர். 1971 மார்ச்சில் வார்ப்பு அச்சு ஒன்று காலில் விழுந்து, வலது முட்டி மடங்காமல் போனது. ஆறிவிட்டது என்று சொல்லித் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பட்டறை கேட்டில் எல்லோரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லேபர் ஆபீசர் அங்கேதான் நிற்பார். நொண்டுகிறவனுக்கு வேலை இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நொண்டல் தெரியாது. இறங்குவதுதான்

3

சீட் உயரமாக இருந்தால் மடங்காத காலும் பெடலோடு சுற்றும். இறங்கும்போது அந்தக் காலைத் தூக்கிப் போட முடியாது. தாழ்வாக இருந்தால் இறங்கலாம், மிதிக்க முடியாது.*

"காது நட்டு வெச்சித் தரேன்," என்றார் கடைக்காரர் மதார் சாகிப். "ஸ்பானர் வேணாம், கையாலயே திருவலாம். கேட்டுக்கு முன்ன செவுத்தப் புடிச்சி நில்லு. சீட்ட எறக்கு. அப்பால மிதிக்காம கேட்டு வரிக்கும் உருண்டு போய் எறங்கு."

"வழியில சீட்டு தானா எறங்கிக்கினா?" என்றார் லூர்து.

"எறங்கும். ரோடு அப்டி கீது. பின்னால லாரி வராம பாத்துக்கோ."

"இன்னா பேச்சு பாய் இது," என்றாள் லூர்துவின் மனைவி டோரதி. "இந்த மன்சன் வூட்டுக்கு வரணும்."

"அப்போ பஸ்ல அனுப்பு."

"பஸ்ல ஏறத்தான் பாய் கால் வேணும்," என்றார் லூர்து.

* தாளில் முக்கோணம் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் பொதுவான உயரம் இல்லை.

4

முடிவு ஒன்று: நட்டு நழுவுகிறது. பின்னால் வந்த லாரி

முடிவு இரண்டு: முட்டி குணமாகிறது. கிழித்துவிட்டேன். எலும்பு என் பேச்சைக் கேட்காது.

5

திங்கட்கிழமை. கேட் வரைக்கும் அவரைக் கொண்டுவந்துவிட்டேன். வலது கால் இறக்கிய சீட்டைத் தாண்டியது. தரையில் பட்டதும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. ஹாண்டில்பாரை அழுத்தி நிமிர்ந்துகொண்டார். ஆபீசர் அந்த நேரத்தில் யாரிடமோ தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே, உருகிய இரும்பை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இன்று அவருக்கு ஜோடி வெள்ளத்துரை. கல்யாணமாகி இருபது நாள்.

ஆபீசர் உங்கள் பக்கம் திரும்புகிறார். "அவன் சரியா எறங்கினானா?"

எனக்குத் தெரியாது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தது நீங்கள் மட்டும்தான்.