காப்பெல் வழியாக அயோஸ்டா

மூன்று வாரமாக அப்துல் கனி வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி மெஹர் நிஷா, மகள் ஃபைஹா வழியாகவே அனுப்பினாள்.

"சோறு ஆறுதுன்னு உங்க வாப்பாகிட்ட சொல்லும்மா" என்பாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க.

ஃபைஹா ஐபாடிலிருந்து ஒரு காதை மட்டும் விடுவித்து, "டாட், ஃபுட்" என்பாள். மொழிபெயர்ப்பில் சேதாரம் அதிகம்.

குற்றம் கனியுடையதுதான். மேலப்பாளையத்து ஜவுளிக்கடைப் பிள்ளை அவர். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்காமல் நகராத வம்சம். சாஃப்ட்வேருக்கு வந்தாலும் நாக்கு கடையை விட்டு வரவில்லை. 2007 ஜூலையில் டாலஸ் பக்கத்துக் காப்பெலில் இருந்த தமிழர்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியபோது அவரும் பண்ணினார். வக்கீலின் பில்லை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த அட்வான்ஸ் பரோல் எதுக்கு எக்ஸ்ட்ரா? நாங்க எங்க போகப்போறோம்? எடுத்துருங்க."

வக்கீலும் எடுத்துவிட்டார். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் கனி வழியில் ஐஸ்கிரீம் வேறு வாங்கிக்கொண்டு வந்தார்.

எடுத்துவிட்டது என்ன என்பது இத்தாலிக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் தெரிந்தது. பழைய விசா காலாவதி. அட்வான்ஸ் பரோல் என்ற அந்த அனுமதித் தாளும் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. இருபதாவது கல்யாண நாள் பயணம் அம்போவென்று போயிற்று.

மெஹர் பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு படித்தவள். ஆல்ப்ஸ் மலை நடுவில் அயோஸ்டா என்றொரு ஊர். ரோமர்கள் கட்டியது, அதன் மடியிலேயே இடைக்காலத்துத் தேவாலயங்கள். வழிகாட்டியோடு அந்த ஊரை நடந்தே பார்க்கும் ஒரு சுற்றுக்குப் பெயர் கொடுத்து, லைப்ரரிப் புத்தகங்களைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் படித்துவைத்திருந்தாள். அதற்கென்று வாங்கிய புது ஷூ பெட்டியிலேயே இருந்தது.

அந்தச் சுற்று நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமை காலை, கனி கழுத்தில் ஆபீஸ் பேட்ஜும் உயர்த்திப் பிடித்த குடையுமாக ஹாலில் வந்து நின்றார்.

"அயோஸ்டா பார்க்க வந்தவங்கல்லாம் என் குடைக்குப் பின்னாடி வரலாம்."

"ஃபைஹா, உங்க வாப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேளு."

"டாட், ஆர் யூ ஓகே?"

"உம்மாவை ஷூ போட்டுக்கச் சொல்லு."

மெஹர் குடையையும் பேட்ஜையும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

ஃபைஹா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அதுவும் கனியின் கணக்கில் இருந்ததுதான்.

குடியிருப்பு வாசலில் செங்கல் வளைவு ஒன்று உண்டு. அதன் கீழ் நின்று கனி தொண்டையைச் செருமினார். "இதுதான் அகஸ்டஸ் வளைவு. ராஜா தன் மாமியாருக்காக ஆசையா கட்டினது."

மெஹரின் புருவம் ஒன்று ஏறியது.

"மேல பாருங்க, கூரை. ரோமர்கள் கையாலேயே போட்டது."

"ஃபைஹா, உங்க வாப்பாகிட்ட..." என்று மெஹர் திரும்பினாள். பக்கத்தில் தபால் பெட்டிதான் நின்றது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "கூரை ரோமர் போட்டதில்லைங்க! ஒழுகுதுன்னு ஆயிரத்தெழுநூறு வருஷம் கழிச்சுப் போட்டது! மாமியாராம், மாமியார்! அது மலைக்காரங்களை ஜெயிச்சதுக்குக் கட்டின வளைவு!"

"அப்படியா?" என்றார் கனி, அப்பாவியாக.

காப்பெலில் யாரும் நடப்பதில்லை; நடந்தால் வண்டி கெட்டுப்போனது என்று அர்த்தம். பக்கத்துத் தெரு பத்மநாபன் காரை ஓரங்கட்டி, பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார்.

"கனி பாய், டயர் பங்க்ச்சரா? ஏறுங்க, ட்ராப் பண்றேன்."

"வாக்கிங் டூர் சார்."

"எங்க?"

"இத்தாலியில."

பத்மநாபன் தெருவை முன்னும் பின்னும் பார்த்தார். அவர் மனைவி ருக்மிணி அதற்குள் சீட் பெல்ட்டைக் கழற்றியிருந்தாள். "ஏன்னா, கடை எங்கயும் ஓடிப்போகாது. இறங்குங்கோ. தொப்பையாவது குறையட்டும்."

நாலு பேரானதும் குடை எப்படியோ மெஹர் கைக்குப் போய்விட்டது. சூப்பர் மார்க்கெட்டின் பின்சுவர் ரோமானிய அரங்கம் ஆயிற்று. "இதைவிட உயரம். அடுக்கடுக்கா ஜன்னல் திறப்பு. பின்னாடி பனிமலை" என்றாள்.

"பனிமலை எங்கம்மா?" என்றார் பத்மநாபன்.

"அந்த வாட்டர் டேங்குக்கு அந்தப் பக்கம், அங்கிள்."

அபார்ட்மென்ட் கார் ஷெட்டின் கம்பங்கள் மடாலயத்துத் தூண்களாயின. ஒவ்வொரு தூண் தலையிலும் செதுக்கு வேலை இருக்கும் என்று மெஹர் சொல்ல, ருக்மிணி ஒரு கம்பத்தைத் தடவிப் பார்த்து, "நன்னா வழவழன்னு தேய்ஞ்சுடுத்து" என்றாள்.

கடைசியில் மழைநீர்க் கால்வாயின் சின்னப் பாலம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ரோமர் பாலம். டெக்சாஸ் வறட்சியில தண்ணி வத்திப்போச்சு" என்றார் கனி.

"இல்ல." மெஹரின் குரல் தாழ்ந்தது. "அங்கயும் பாலத்துக்குக் கீழ தண்ணி கிடையாது. ஆறு தடம் மாறி அந்தப் பக்கம் போயிடுச்சு. பாலம் மட்டும் நிக்குது, இன்னும் ஆள் நடந்துகிட்டு இருக்காங்க. அதைத்தான் முதல்ல பார்க்கணும்னு இருந்தேன்."

கனி கழுத்து பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பத்மநாபன் விஷயம் புரிந்தவராக ருக்மிணியைக் காருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கைப்பிடிச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"வேணும்னே தப்புத் தப்பா சொன்னீங்கதானே?"

"ஜவுளிக்கடைச் சட்டம் மெஹர். பேசாம நிக்கிற ஆளுகிட்ட அநியாய விலை சொல்லணும். அடுத்த நிமிஷம் பேச ஆரம்பிச்சுருவாங்க."

"எல்லாமேவா?"

"மாமியார் மட்டும் வேணும்னே சொன்னது. கூரை விஷயம் நெசமாவே தெரியாது."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்று, குடையால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். புது ஷூவின் முனையில் கால்வாய் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுரு புள்ள" என்றார் கனி.

"திங்கட்கிழமை அந்த வக்கீலுக்கு போன் பண்ணுங்க. அந்தத் தாளுக்கு இப்பவாவது அப்ளை பண்ணச் சொல்லுங்க. இந்தச் சுத்து கணக்குல வராது, அடுத்த வருஷம் நிஜ அயோஸ்டா. ஒரு பேச்சு, ஒரு பேரம் கூடாது."

"ஒரு சின்ன டிஸ்கவுன்ட் மட்டும்..."

மெஹர் எழுந்து, வீட்டுப் பக்கம் திரும்பி, உரக்கக் கூப்பிட்டாள்: "ஃபைஹா! உங்க வாப்பாகிட்ட..."

"சரி, சரி!" கனி பதறி எழுந்தார். "சொன்ன விலை! சொன்ன விலையே!"