இரண்டாவது சரணம்

எனக்கு எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது சரணம் தெரியாது. காரணம் ரயில்தான். உலகத்தில் மற்ற எல்லாம் பிந்தி வந்தாலும் காலை ரயில் மட்டும் தலவாக்கலைக்கு நேரத்துக்கு வந்து தொலைக்கும்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும்போதே, ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயம் எழுந்துவிடும். அம்மா கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலையேறுவாள். நான் ஹட்டன் கல்லூரிக்கு ரயிலேறப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்குவேன். ஸ்டேஷன் ரோட்டில் ஹலீம் நானாவின் துணிக்கடை இருக்கிறது. கடையைத் திறந்ததும் அவர் முதலில் செய்கிற வேலை ரேடியோவைத் திருப்புவது. நான் வாசலில் நின்று கேட்பேன். பல்லவி முடியும், முதல் சரணம் முடியும், நடுவில் வயலின் வரும், அதற்குள் வட்டகொடைப் பக்கமிருந்து ரயில் கூவும். பாதிப் பாட்டோடு ஓட வேண்டியதுதான்.

மிச்சப் பாட்டை நானே கட்டிக்கொள்வேன். ஹட்டனுக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டி முழுக்க இருட்டாகிவிடும். யார் பாடுவது என்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் வாய்விட்டுப் பாடுவேன். முதல் சரணத்தில் நிலாவும் மல்லிகையும் இருந்தால் என் சரணத்தில் அட்டைக்கடியும் கங்காணியும் இருப்பார்கள். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வரும்போது வாயை மூடிக்கொண்டு பூகோளப் புத்தகத்தைப் பார்ப்பேன்.

கல்லூரியில் என் வகுப்பில் லயத்திலிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகள். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தரும உதவிச் சங்கக் கூட்டத்தில் ‘ஏழைத் தொழிலாளர்’ என்று யாராவது வாயெடுத்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். எழுந்து நின்று கும்பிடு போட்டுவிட்டு உட்காரலாமா என்று எனக்கு எரிச்சல் வரும்.

சங்கத்தை நடத்தியவர் பரஞ்சோதி மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளம் வந்த ஊருக்கு அரிசி சேர்ப்பார், ஆஸ்பத்திரிக்குப் பழைய சேலை சேர்ப்பார், சேர்த்ததைத் தானே தோளில் சுமந்து கொண்டுபோவார். அந்த வருஷம் மார்கழிக் கூதலுக்கு முன்னால் ஒரு தோட்டத்துக்குக் கம்பளி கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு இசைவிழா நடத்த வேண்டும் என்றார். எந்தத் தோட்டம் என்ற பேச்சு வந்தது. தலைகள் என் பக்கம் திரும்பின, எங்கள் தோட்டம் என்று முடிவாயிற்று. ஆனால் அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை. காளியாயி சின்னம்மாவின் நினைவுதான் வந்தது.

காளியாயி எங்களுக்கு அடுத்த காம்பரா. நடுச்சுவர் கூரைவரை போகாது. அவள் இருமினால் எங்கள் விளக்கு ஆடுவதுபோல் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து உருண்ட கல் அவள் காலை உடைத்தது. கால் கோணலாகப் பொருந்தியது. மலையேற முடியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேரை வெட்டிவிட்டார்கள். அந்த அடுத்த காம்பரா அவள் தம்பி வீரய்யாவுடையது, அந்த அறையில் ஒரு மூலையில் கிடந்தாள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பழைய கம்பளி. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய முதல் மழைநாளில், நனைந்துகொண்டு போனால் படிப்பு ஏறாது என்று சொல்லி அதை என் தலையில் போட்டு அனுப்பினாள். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டுதான் நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். சங்கத்தில் வருகிற முதல் கம்பளி அவளுக்குத்தான் என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

இசைவிழாவில் நான் மூன்று பாட்டுப் பாடினேன். மண்டபம் நிறைந்தது. கம்பளிகளை ஹலீம் நானா லாபம் வைக்காமல் கொடுத்தார். கட்டு கட்டி முடிந்ததும் சிவப்புக்கரை போட்ட கம்பளி ஒன்றைத் தனியாக எடுத்து மேலே வைத்தார். மற்றதையெல்லாம்விடத் தடிப்பு. அது தன் கணக்கில் என்றும், நான் போர்த்தியிருக்கிற கம்பளியின் சொந்தக்காரிக்கு என்றும் சொன்னார். அந்தக் கதையை ஒரு நாள் ரேடியோவுக்கு நடுவில் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஆனால் வெளியாட்கள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. லயத்துக்கே வந்து கையில் கொடுக்கிறோம் என்று மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். ஆபீசில் ஒப்படைத்துவிடுங்கள், நாங்கள் பகிர்ந்து கொடுக்கிறோம் என்று பதில் வந்தது. மாஸ்டரும் சரி என்று ஒப்படைத்துவிட்டு வந்தார்.

ஆபீசுக்குப் பகிரத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சிவசாமி செக்ரோலை விரித்துவைத்து, அந்த மாதம் முழுப் பேர் போட்டவர்களை மட்டும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் “இருக்கேங்க” என்று சொல்லிப் போய் வாங்கினார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். காளியாயி விடிகாலையிலேயே தடியூன்றி இறங்கி வந்து களத்தின் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசியில் சிவப்புக்கரைக் கம்பளி மிஞ்சியது. இது விசேஷமானது என்று கணக்கப்பிள்ளைக்கும் பட்டிருக்கிறது. மாதத்திலேயே அதிகக் கொழுந்து எடுத்தவளுக்கு வெகுமதி என்று சொல்லி என் அம்மாவின் பேரைக் கூப்பிட்டார்.

காளியாயி எழுந்து தன் பேர் என்னாச்சு என்று கேட்டாள். செக்ரோலில் இல்லாத பேரை நான் எப்படிக் கூப்பிட என்றார் கணக்கப்பிள்ளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வராது என்று சொல்வதுபோல் சொன்னார். எங்கள் லயத்து நல்லமுத்து அந்த மாதம் சளியோடு படுத்துக்கிடந்ததால் அவருக்கும் இல்லை. கண் தெரியாத செல்லசாமிக்கும் இல்லை. கூதலில் கிடந்து நடுங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கழித்ததுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனேன். அம்மா தடுத்தாள். அவள் ஆயுசிலேயே வெகுமதி என்று வாங்கிய முதல் பொருள் அது. அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனேன். காளியாயி அதைக் கையால்கூடத் தொடவில்லை.

“ஒங்கம்மா கை புண்ணாகக் கொழுந்தெடுத்து வாங்குனது. அத நான் போத்திக்கிட்டா எனக்குத் தூக்கம் வருமா? எனக்குக் குடுக்கணும்னா என் பேரச் சொல்லிக் குடுக்கச் சொல்லு.”

அவளுடைய பழைய கம்பளியையாவது திருப்பி வாங்கிக்கொள் என்றேன். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் தன் பரம்பரையிலேயே இல்லை என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் போயிற்று. ஆனால் அவர் சொன்னது இதுதான்: கொடுத்தது நாங்கள், பகிர்ந்தது அவர்கள், அதில் தலையிட்டால் அடுத்த வருஷம் அதுவும் நடக்காது. துரைக்கு இசைவிழாவைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷமாம். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தாளியாக வர ஒப்புக்கொண்டிருக்கிறாராம். நான் கட்டாயம் பாட வேண்டுமாம். படப்பாட்டானாலும் கருத்துள்ளதாக இருக்கட்டும் என்று, ஏழைக்கு இரங்கச் சொல்லும் ஒரு பாட்டை அவரே தேர்ந்து வைத்திருந்தார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு பாடுகிறேன் என்றேன்.

அந்தப் பாட்டு அடுத்த நாள் ஹலீம் நானாவின் ரேடியோவில் வந்தது. அவரிடம் கம்பளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, “அது நான் அந்தப் பொம்புளைக்குத் தானே தந்த” என்று மட்டும் சொன்னார். ரயில் கூவியது. நான் அசையவில்லை. போகட்டும் என்று விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தை முழுசாகக் கேட்டேன்.

பொறுத்திரு, நல்லது நடக்கும், தருகிறவன் தருவான் என்று போயிற்று அது. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று ஆகிவிட்டது. என் சுரங்கத்துச் சரணங்கள் எவ்வளவோ தேவலை.

பரிசளிப்பு விழாவில் முன்வரிசை நடுவில் துரை, பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். பல்லவியையும் முதல் சரணத்தையும் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே பாடினேன். துரை நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார். ஆர்மோனியம் ஒரு சுற்று வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன், சுரங்கத்துக்குள் இருக்கிற மாதிரி. பிறகு பாடினேன்:

காளியாயி பேரச் சொல்லிக் கூப்பிட ஆளில்லே
காலொடிஞ்ச நாள்முதலாக் கணக்குல பேரில்லே
நல்லமுத்து செல்லசாமி நடுங்குற கூதலிலே
நாங்க பாடி வாங்குனது அவங்களுக்கு இல்லே

ஆர்மோனியக்காரர் பாவம், பழக்கத்தில் வாசித்துக்கொண்டே போனார். கண்ணைத் திறந்தபோது தமிழ் தெரியாத துரை இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சிரித்தபடி கிளாக்கரின் பக்கம் சாய்ந்து என்னமோ கேட்டார். கிளாக்கர் என்னமோ சொன்னார்.

என்ன சொன்னார் என்பது துரை பேச எழுந்தபோது தெரிந்தது. கம்பளி கிடைத்ததற்காகத் தோட்டத்து மக்கள் நன்றி சொல்லும் பாட்டாம் அது. மனம் நெகிழ்ந்துபோனாராம். அந்த நன்றியை நிர்வாகத்தின் சார்பில் ஏற்றுக்கொள்கிறாராம். எல்லாரும் கை தட்டினார்கள். தமிழ் தெரிந்த, பாட்டைக் கேட்ட, அர்த்தம் புரிந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. மேடை ஓரத்தில் நின்றவள் நடுவுக்கு வந்தேன். கல்லூரி எனக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலீசில், இலக்கணம் பிசகாமல் சொன்னேன். ஐயா, அது நன்றி இல்லை. அவை ஆட்களின் பேர்கள். அவர்களுக்காகத்தான் நாங்கள் கம்பளி சேர்த்தோம். உங்கள் ஆபீஸ் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் கூதலில்தான் படுக்கப்போகிறார்கள்.

துரையின் கழுத்து சிவந்தது. கிளாக்கரைப் பார்த்தார். பிறகு கோப்பைகள் அடுக்கியிருந்த மேசைக்குப் போய்ப் பரிசு கொடுக்கத் தொடங்கினார். என் முறை வந்தபோது புத்தகத்தை நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. விழா முடிந்து வெளியே வந்ததும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீர் பாடினது சரி. அதை இங்கிலீசில சொன்னதுதான் பிழை.”

அன்றைக்கு முழுக்க எனக்கு யார் மேல் அதிகக் கோபம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் அம்மாவைக் கல்லுமலைக்கு அனுப்பினார்கள். கொழுந்தும் இல்லாத, கால் வைக்க இடமும் இல்லாத செங்குத்து. சாயந்தரம் அரைப் பேரோடு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மூலையில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ பாடிட்டு ரயிலேறிப் போயிருவ. மலையில நிக்கிறவ நானு.”

அவள் சொன்னது நியாயம். சிவப்புக்கரைக் கம்பளி மடித்தபடியே பெட்டியின் மேல் கிடந்தது. அதை யாரும் போர்த்தவில்லை. அடுப்பை மூட்டினேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றது.

“பூரணி.”

“என்ன சின்னம்மா?”

“கச்சேரியில என்னையப் பாடுனியாமே. லயமே பேசுது.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். உன் வாயால் உங்கம்மாவுக்கு வந்ததைப் பார் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஒருக்காப் பாடு புள்ள. என் பேரு வர்ற எடத்த மட்டும்.”

அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், பாடு என்று தலையை ஆட்டினாள். காளியாயி பேரச் சொல்லி என்று ஆரம்பித்தேன். அவள் பேரைச் சொன்ன உடனே, வரி முடிவதற்கு முன்னாலேயே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகக் குரல் வந்தது.

“இருக்கேங்க.”

பெரட்டுக்களத்தில் நிற்கிறவள் மாதிரியே சொன்னாள். மறுபடியும் பாடச் சொன்னாள், பாடினேன். மறுபடியும் சொன்னாள். கம்பளி மட்டும் வரவே இல்லை.