வாசலில் நிற்காத சைக்கிள்

பாபநாசம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் ஹமீதா பானுவுக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்து மடிக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு ஓடிவந்து, பக்கவாதத்தில் வலக்கையும் காலும் விழுந்துபோன கணவர் ஜாஃபர் சாதிக்குக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நடந்தால் நேரம் போதவில்லை. மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன சைக்கிளை எடுத்தாள்.

ஓட்ட வந்துவிட்டது. ஏறவும் நிறுத்தவும்தான் வரவில்லை. ஏற, கால் ஊன்ற வாய்க்கால் மதகுக்கட்டை வேண்டும். நிறுத்த ஏதாவது சுவர் வேண்டும்.

அன்று தெருவெல்லாம் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த கணவரைத் தாண்டியே போய்விட்டாள். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினாள்.

"எங்க போற?"

"நிக்க மாட்டேங்குதுங்க!"

மூன்றாம் முறை பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சைக்கிள் சறுக்கியதில் நெல்லில் விழுந்தாள். சூடான நெல் முதுகுக்கு இதமாக இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"அடிபட்டுச்சா? என்னால வந்து தூக்கக்கூட முடியலியே..." குழறினார் அவர்.

"ஒண்ணுமில்லங்க. செத்த நேரம் இப்படியே கெடக்குறேன்."

சாயங்காலம் அவர் சொன்னபடி சீட்டை இறக்கிக்கொண்டு வந்தாள். கால் இரண்டும் கடுத்தது. அவர் விடவில்லை.

"மிதிக்கிறத நிறுத்து. பின் பிரேக்க மெதுவா புடி. வேகம் கொறையட்டும். இப்ப எறங்கி இடது கால ஊணு."

"நாளைக்குப் பாத்துக்கலாங்க."

"இன்னும் ஒரு தடவ. கெளம்புறப்போ வலது பெடல மேல கொண்டாந்து, அதுல ஏறி நின்னு அழுத்து. வண்டி நகந்தப்புறம் உக்காரு."

படுக்கையில் விழுந்த பிறகு அவர் இவ்வளவு பேசியது அன்றுதான். அதற்காகவே அவளும் தினம் சாயங்காலம் தெருவில் நின்றாள், கிளம்பினாள், நின்றாள்.

ஒரு மதியம் வாசலுக்கு நேராகச் சைக்கிள் குலுங்காமல் நின்றது. பெருமையோடு நிமிர்ந்தவள், அவர் மடியிலும் தரையிலும் சோறு சிந்திக் கிடப்பதைக் கண்டாள். இடது கையில் கரண்டி. இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்று அத்தனை நாளும் பிடிவாதம் பிடித்தவர் அவர்.

"ஏங்க, நான்தான் வர்றேன்ல?"

"பாதி உள்ள போயிடுச்சு. நீ செத்த படு."

ஹமீதா தரையைக் கூட்டித் துடைத்தாள். பிறகு மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் கால் நீட்டிப் படுத்தாள். கண் சொருகியது. கடைக்கு நேரமானதும் அவர்தான் பெயர் சொல்லி எழுப்பினார்.