ஈரம் காயாத கம்பம்

அத்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அந்தத் தோளுக்கு மேலாக அண்ணாந்து பார்த்த சின்னவளுக்குக் கம்பம் அசைவது தெரிந்தது.

கண்ணில் நிற்கிற தண்ணீராக இருக்கும் என்று துடைத்துவிட்டுப் பார்த்தாள். காற்று வந்தது. வாசலுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் உப்பியது. மொட்டைமாடி ஓரத்தில் நின்ற இரும்புக் கம்பம் வாசல் பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. முழுசாக நிமிரவில்லை.

நேற்று சாயங்காலம் டிஷ் மாட்டுவதற்காக அப்பா நட்ட கம்பம் அது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி எழுப்பியதிலிருந்து இவர்கள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. "அவர் மாடிய இடிக்கவா சொல்ல முடியும்? நம்ம டிஷ்ஷ உசத்தி வெச்சா போச்சு" என்று அப்பா எங்கிருந்தோ இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பைப்பைத் தூக்கி வந்துவிட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர். தனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. தளத்தைக் கொத்திக் குழி பண்ணி, ரசமட்டம் வைத்து நேர் பார்த்து, சிமெண்டு போட்டு இறுக்கினார். சுவரோடு பிடிக்கிற கிளாம்பைக் காலையில் முடுக்கிக்கொள்ளலாம் என்று இறங்கினார். "ரெண்டு நாளைக்கு ஒரு காக்கா கூட அதுல உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்!"

காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. சேதி கேட்ட கையோடு நாற்காலி கொண்டுவந்து போட்டார், தார்ப்பாய் கொண்டுவந்தார். மூன்று மூலையை மரத்திலும் கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டியாயிற்று. நாலாவது மூலைக்குப் பின்பக்க ஏணியில் ஏறியவர், வாகாக நின்ற கம்பத்தைப் பார்த்தார். எக்கி நின்று முடிச்சுப் போட்டுவிட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

கம்பத்துக்கு நேர் கீழே அப்பாவின் கட்டில். தலைமாட்டில் அம்மா. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள், மடியில் குழந்தைகள்.

"அத்தை, கம்பம் சாயுது."

"எல்லாமே சாஞ்சு போச்சேடி என் தங்கமே!" என்று அத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அவளிடமிருந்து பிய்த்துக்கொண்டு சின்னவள் அண்ணனிடம் போனாள். அவன் கேட்டருகே வண்டிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். "அண்ணா, அந்தக் கயிற..." என்றதும், போனைக் காதில் வைத்தபடியே இரு என்று கையைக் காட்டினான். அப்போதுதான் அடித்தது ஒரு காற்று. ஜன்னல் முடிச்சு அவிழ்ந்து தார்ப்பாய் ஒரு பக்கமாகச் சுருண்டது. வாசல் முழுக்க வெயில்.

"விடாதீங்கப்பா, நல்லா இழுத்துப் பிடிங்க!" என்று கத்தியபடி பக்கத்து வீட்டுக்காரர் ஓடினார். நாலு பேர் சேர்ந்து இழுத்து ஜன்னலில் மறுபடி கட்டினார்கள். கம்பம் இன்னொரு சாண் குனிந்தது.

சின்னவள் வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். உயரம் என்றாலே அவளுக்கு ஆகாது. நேற்றுகூட ஏணியடியில் நின்று கரண்டி எடுத்துக் கொடுத்ததோடு சரி. "என் பயந்தாங்கொள்ளி!" என்று மேலேயிருந்து அப்பா சிரித்தார். இப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதியில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் ஏறினாள். மாடியில் கால் வைத்த வேகத்தில் ஏணி சரிந்து சந்துக்குள் போய் விழுந்தது.

தவழ்ந்து போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். அடியில் சிமெண்டு பிஸ்கட் மாதிரி விண்டு போயிருந்தது. காற்று இழுக்கிற ஒவ்வொரு முறையும் கம்பத்தின் அடி குழியிலிருந்து கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்தது. கயிற்று முடிச்சு அவள் கைக்கு எட்டவில்லை.

"நகருங்க! எல்லாரும் நகருங்க!"

கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவிழ்ந்த தலையோடு மாடி விளிம்பில் நின்று கத்துகிறாள், செத்தவர் பெற்ற பெண்.

"ஐயோ, அப்பன் பின்னாலயே போறேன்னு நிக்கறாளே! பிடிங்கடா அவள!" என்று அத்தை அலறினாள்.

அவ்வளவுதான். விலகி நின்றவர்கள்கூட ஓடி வந்து அவளுக்கு நேர் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் ஒரு போர்வையை விரித்தார்கள். சின்னவளுக்குக் கை வியர்த்து வழுக்கியது. இத்தனை தலைகள், இத்தனை குழந்தைகள்.

"நான் குதிக்கல! கம்பம் விழப்போகுது!"

"கம்பத்த அப்புறம் பாத்துக்கலாம்மா, நீ மொதல்ல எறங்கு! நல்ல பொண்ணுல்ல!" என்று கெஞ்சினார் பக்கத்து வீட்டுக்காரர்.

காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா எழுந்தாள். மகளைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். நேற்று சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

"அது காயல. எல்லாரும் வெளிய போங்க" என்றாள். யாரும் நகரவில்லை. "போங்கன்னு சொல்றேன்ல! பிள்ளைங்கள தூக்குங்க!"

அந்தக் குரலுக்கு வாசலே கலைந்தது. குழந்தைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அண்ணன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுக்காரர் மரத்துக் கயிற்றையும் கேட்டுக் கயிற்றையும் கத்தியால் அறுத்துவிட்டு அவரும் வெளியே பாய்ந்தார். தார்ப்பாய் பொத்தென்று சுவரோரம் விழுந்தது. ஆனால் கம்பம் நிமிரவில்லை. சாய வேண்டிய மட்டும் சாய்ந்தாயிற்று, இனி அதன் கனம் மொத்தமும் அவள் கையில். உள்ளங்காலை மாடியின் கைப்பிடிச் சுவரில் உதைத்து, மல்லாக்கச் சாய்ந்து பிடித்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பின்பக்கச் சந்தில் ஏணியை எடுக்க முடியாமல் யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விட்டுடு!" அண்ணன் கேட்டருகிலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். "உன்னையும் சேத்து இழுத்துடும்டி! கைய எடு! கீழ யாருமில்ல!"

சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

கவிழ்ந்த நாற்காலிகள். அங்கங்கே விட்டுப்போன செருப்புகள். தண்ணீர்க் குடம் ஒன்று உருண்டு கிடந்தது. நடுவில் கட்டிலில் அப்பா, வெயிலில் தனியாக, கம்பத்துக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு.

"கீழ அப்பா இருக்காருடா!"

அண்ணன் அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"போனவருக்கு இனிமே என்னம்மா ஆகப்போகுது. நீ விடும்மா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், தணிந்த குரலில்.

"மாட்டேன்! நான் மாட்டேன்!"

அம்மா மகன் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள். "அம்மா, போகாத!" என்று அவன் பதறியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. காலடியில் கிடந்த நாற்காலி ஒன்றை ஓரமாக நகர்த்திவிட்டு நடந்து வந்தாள். கம்பத்துக்குக் கீழே போய், கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றினாள். இடுப்பை வளைத்து, முழு பலத்தையும் கொடுத்து இழுத்தாள்.

கட்டில் கால் தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. அம்மா மூச்சு வாங்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.